மஞ்சள் வைத்தால் புதுசு

செல்லியம்மாள் மகள் சரசுவின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அதில் மூன்று நாளை மழை தின்றுவிடும் என்று தபீதாள் வைத்துக்கொண்டாள். ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை. மிஷினைத் தொட மாட்டாள். மிச்சம் ஐந்து நாளில் ஒரு கூரைப்புடவை ஆகவேண்டும்.

புடவை கட்டில்மேல் பிரித்துக் கிடந்தது. அரக்குப் பட்டு. சேலையூரில் அபிதகுஜாம்பாள் என்று ஒரு மாமி முப்பது வருஷம் பெட்டியில் வைத்திருந்து, நேற்று ஒரு எவர்சில்வர் குடத்துக்குப் போட்டது. உடல் மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. விரல் பட்டால் பொடிந்தது. இரண்டு பக்கக் கரையும் முந்தானையும் மட்டும் அப்போதுதான் தறியிலிருந்து இறங்கியதுபோல இருந்தன.

"கொடம் பெருசாச்சேன்னு பாக்கறியாக்கா?" என்றாள் கிளியம்மாள். பாத்திரக் கூடையை இறக்கிவிட்டு, மழைக்குத் தலையில் போட்டிருந்த உரச்சாக்கை வாசலில் உதறிக்கொண்டிருந்தாள். "அந்த மாமி ரெண்டு கொடம் கேட்டுச்சு. மாமி, உள்ள பூரா பொடிஞ்சி கீது, இதுக்கு ரெண்டு கொடம் குடுத்துட்டா எங்கூட்டுல கையாலதான் மொண்டு குடிக்கணும்னேன். சிரிச்சிட்டு ஒண்ணுக்கே குடுத்துச்சு."

"கரை நல்லா இருக்கு கிளி. உடம்பை மாத்திடலாம். செல்லியம்மா துணி எடுத்துட்டாங்களா?"

"குரோம்பேட்டைல எடுத்தாந்துச்சு. அதே கலரு. நூல் துணிதான். மணையில குந்திகினு கீற பொண்ண எவன் கிட்ட வந்து தொட்டுப் பாக்கப் போறான்?"

"நான் கரையைத் தைக்கிறது தெரியாம தைக்கணும்ல. அதுதான் வேலை."

"உன் கைக்கு இன்னாக்கா," என்றாள் கிளியம்மாள். சொல்லிவிட்டு வழக்கம்போலச் சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீடான தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரும்புலியூர் ஏரிக்கரையை ஒட்டி முப்பது வீடுகள். பாதி ஓலை, பாதி ஆஸ்பெஸ்டாஸ். ஆண்கள் பலர் திரிசூலம் பக்கம் கல் உடைக்கப் போனார்கள். சிலர் மறைமலை நகரில் லோடு ஏற்றினார்கள். கிளியம்மாள் பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவள். சேலையூர், கேம்ப் ரோடு, ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று தெருத்தெருவாகப் போய்த் துணி வாங்கி வருவாள். முன்பு அதை அப்படியே மொத்தமாக வியாபாரிக்குத் தள்ளிவிடுவாள். அவன் கிழித்து மெக்கானிக் ஷாப்புக்கு விற்பான். நல்ல கரையும் நல்ல முந்தானையும் எண்ணெய் துடைக்கப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒருநாள் இரண்டு புடவையை மட்டும் தனியே எடுத்துவந்து தபீதாளிடம் கொடுத்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால்.

நூல் புடவை எங்கே முதலில் நைந்துபோகும் என்று தபீதாளுக்குத் தெரியும். இடுப்பில் சொருகும் இடமும் கொசுவம் விழும் இடமும் போய்விடும். முந்தானைக்கு வயது தெரியாது. ஆம்பளைச் சட்டையில் கழுத்தும் அக்குளும் போகும்; முதுகு அப்படியே இருக்கும். போனதை விட்டு, இருந்ததை வெட்டி, இரட்டைத் துணியாகச் சேர்த்து பாவாடையும் சட்டையும் தைத்தாள். கடையில் வாங்குவதைவிட அதிக நாள் உழைத்தது.

ஆனால் முதல் வருஷம் யாரும் வாங்கவில்லை. கங்கையம்மாள் ஒரு பாவாடையை விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டாள்.

"எவளோ கட்டிக் கழிச்சத எம் பொண்ணு கட்டணுமா? அவ பீடை இவளுக்கு ஒட்டறதுக்கா? எம் பொண்ணுது கிழிஞ்சிருந்தாலும் அது எங்கூட்டு கிழிசல்."

தபீதாள் பாவாடையை எடுத்து மடித்தாள். பதில் கிளியம்மாளிடம் இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து, அதன்மேல் பாவாடையை மடித்து வைத்து, மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தொட்டு வைத்தாள். எல்லா வீட்டிலும் புதுத்துணி கட்டுமுன் செய்வதுதான். அதைத் தூக்கிக்கொண்டு நேரே கங்கையம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"இத பாருமே. பிரிச்சாச்சு, வெட்டியாச்சு, வேற கையால தைச்சாச்சு. பழைய துணி செத்துப் போச்சு. இது இப்ப பொறந்தது. மஞ்சள் வெச்சிட்டேன். பழந்துணிக்கு எவளாவது மஞ்சள் வெப்பாளா? சொல்லு."

கங்கையம்மாள் தாம்பாளத்தைப் பார்த்தாள். மஞ்சளும் வெற்றிலையுமாக வீடு தேடி வந்ததைத் திருப்பி அனுப்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவள் பெண் பச்சைப் பாவாடையில் ரெட்டைக் கரை போட்டுக்கொண்டு தெருவில் சுற்றினாள். அடுத்த தீபாவளிக்கு இருபத்தாறு பாவாடை போயிற்று. அதற்கடுத்து மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று ஆள் தேடி வந்தார்கள். கடையில் எடுத்த துணியைக்கூடக் கொண்டுவந்து, "கிளி, நீ ஒரு தபா மஞ்சள் வெச்சிக் குடு, உன் கை ராசி" என்றார்கள்.

தபீதாள் வீட்டார் கிறிஸ்தவர்கள்; அங்கே அந்த வழக்கம் இல்லை. அவள் புருஷன் அசரியா ரயில்வேயில் கேங்மேன். "நீ தைக்கிற, அவ ஞானஸ்நானம் குடுக்கிறா. நல்ல கூட்டு," என்பான்.

செல்லியம்மாளின் மகள் சரசு, சானடோரியம் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் நூல் பிசிறு வெட்டுகிறாள். கல்யாணம் நிச்சயமானதும் அவளே தபீதாளிடம் வந்து கேட்டாள். மாப்பிள்ளை ஊரப்பாக்கம், அவர்கள் வீட்டிலும் கூரை எடுக்க வழியில்லை. நாங்கள் தாலி கொண்டுவருகிறோம், புடவையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள்.

"பழசுல தைச்சதுன்னு உனக்கு வருத்தம் இல்லையே சரசு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. எங்க கம்பெனில ஒரு சட்டைக்கு நாலு தபா செக்கிங். ஒரு நூல் நீட்டிகினு இருந்தா தூக்கிப் போட்டுருவாங்க. சூப்பர்வைசர் சொல்றாரு, அத வாங்கறவங்க ரெண்டு மாசம் போட்டுட்டு குப்பைல போட்டுருவாங்களாம். அதுக்கா இவ்ளோன்னு கீது. முப்பது வருசம் நின்ன கரை எனக்கு வேணும். கிளியக்காகிட்ட சொல்லி மஞ்சள் மட்டும் வெச்சிக் குடுக்கச் சொல்லு."

கூரைப்புடவைக்கு மஞ்சள் வைப்பது பெண்ணைப் பெற்றவள் வேலை. செல்லியம்மாளுக்குப் புருஷன் இல்லை. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வேகவைத்த வேர்க்கடலை விற்று மகளை ஆளாக்கியவள், அந்தப் புடவையைத் தொடக்கூடாது. அதனால்தான் கிளியம்மாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஏரி ஏறிக்கொண்டே வந்தது. துவைத்த துணிகளைக் கிளியம்மாள் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டாள். இடம் போதாமல் தபீதாள் வீட்டிலும் இரண்டு கொடி. யார் யாரோ போட்ட சட்டைகள் தோள் தோளாகத் தொங்கும். காற்று வந்தால் எல்லாக் கையும் ஒரே பக்கம் அசையும். தபீதாள் மிஷினை மிதித்துக்கொண்டே அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். புரட்டாசி மாசத்துக்கு முன்னால் அவளுக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது.

புரட்டாசியில்தான் அந்தச் சட்டை வந்தது.

மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக மடியில் போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று. கத்தரியை வைக்கப் போனவள் நிறுத்தினாள். இடது கை வலது கையைவிட இரண்டு விரற்கடை குட்டை. அப்படி ஒரு சட்டையைத் தாம்பரத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தைப்பார்கள். தைத்தது அவள்தான். கிளியம்மாள் புருஷன் குப்புராஜுக்குக் குவாரியில் கல் விழுந்து இடது கை முறிந்து, வளைந்தே சேர்ந்துவிட்டது. "தபீதாக்கா, எனக்கு மட்டும் துணி கம்மியாத்தான ஆவும்? கூலியக் கொறைச்சிக்கோ" என்று நிலைப்படியில் குந்திக்கொண்டு வம்பு பேசுவான்.

அவன் ஆடி மாசம் லாரி ஏறிக் கடப்பாவுக்குப் போயிருந்தான். அங்கே ஒரு குவாரியில் கூலி நன்றாக இருக்கிறது என்று ஒரு மேஸ்திரி அழைத்துப் போனான். ஆவணியில் கிளியம்மாளும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மதுராந்தகம் போய்வந்திருந்தாள்.

"இது உங்க வீட்டுக்காரர் சட்டை இல்ல?" என்று தபீதாள் கேட்டாள்.

கிளியம்மாள் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "ஆமாக்கா. இங்கியே வுட்டுட்டுப் போயிட்டாரு. அங்க புதுசு எடுத்துட்டாராம். சும்மா கெடக்குது, வெட்டிடு."

ஆடியில் லாரி ஏறும்போது எந்தச் சட்டை போட்டிருந்தான் என்று தபீதாள் யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. கீழ் மடிப்பின் தையலைப் பிரித்தாள். பிரித்ததும் மடிப்புக்குள்ளிருந்து மண் உதிர்ந்தது. ஒரு சிட்டிகைதான். சிவப்பாக இருந்தது.

திரிசூலத்துக் கல் மாவு வெளுப்பு. அவன் சட்டையை எத்தனையோ முறை ஒட்டுப் போட்டிருக்கிறாள். பிரித்தால் சாம்பல் மாதிரி கொட்டும். ஏரிக்கரை மண் கறுப்பு. இந்தச் சிவப்பு இங்கே ஒட்டினது இல்லை. சட்டை எங்கோ போய்வந்திருக்கிறது. சட்டை மட்டும்.

மண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாசலில் உதறினாள். உதறியது தப்போ என்று அன்றைக்கு முழுக்க இருந்தது.

அந்தச் சட்டை இரண்டு சின்னப் பெண்களுக்கு மேல்சட்டை ஆயிற்று. கிளியம்மாள் மஞ்சள் வைத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் விளையாடின. ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். குப்புராஜ் இரண்டாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருப்பதுபோலத் தபீதாளுக்குத் தோன்றும். ஐப்பசியில் ஒரு லுங்கி வந்தது. அப்புறம் ஒரு வெள்ளைச் சட்டை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. வெட்டினாள். வெட்டியது தலையணை உறையாகவும் பள்ளிக்கூடப் பையாகவும் வீடு வீடாகப் போயிற்று. கிளியம்மாள் குழாயடியில் அந்தப் பிள்ளைகளில் ஒன்றைப் பார்த்தால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பித்தானைச் சரிபண்ணுவாள். சரியாக இருக்கிற பித்தானை அவிழ்த்து மறுபடி போட்டுவிடுவாள்.

நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. "ஊட்டுக்காரரு எப்போ வராரு?" என்று கேட்டால், "தைக்கு வர்றேன்னு லாரிக்காரங்ககிட்ட சொல்லி அனுப்பிச்சாரு" என்பாள்.

கங்கையம்மாள் வேறு கதை சொன்னாள். கடப்பாவில் அவன் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டுவிட்டான் என்று. ஊர் முழுக்கப் பரவியது. தண்ணீர்க் குழாயில் முன்னே குடம் வைத்தவளைத் தாய் வழி தகப்பன் வழி எல்லாம் இழுத்துப் பேசக்கூடிய கிளியம்மாள், இதற்கு மட்டும் சண்டைக்குப் போகவில்லை. "இருந்துட்டுப் போட்டுமே" என்றாள். கேட்டவர்கள் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். தபீதாள் மட்டும் அந்தப் பொறுமையைப் பார்த்துப் பயந்தாள்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கரை இரண்டும் ஏறிவிட்டன. முந்தானையைக் கையூசியால் சேர்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பிடித்த மழை விடவில்லை. கிளியம்மாள் எதிரே உட்கார்ந்து பிசிறு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மஞ்சள் வெக்கற அன்னிக்கு நான் தூரமாயிடுவேன்னு நெனைக்கறேன். செல்லியக்காகிட்ட சொல்லிடு. வேற யாரையாச்சும் வெச்சிக்கட்டும்."

"போன வாரந்தானே கிளி..."

கிளியம்மாள் பிசிறைப் பல்லால் கடித்தாள். "ஆமா. போன வாரந்தான்."

கடித்த நூலை விரலில் சுற்றினாள்.

"கொழந்தைங்களுக்கு வெக்கறதுல ஒண்ணியும் இல்லக்கா. கொழந்த தெய்வம் மாதிரி. அதுக்கு எதுவும் ஒட்டாது. இது கூரை. சரசு இத கட்டிகினு போயி இன்னோர்த்தன் வூட்ல வாழணும்."

"உனக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம்னு சொல்லிடலாம்."

"இன்னான்னு சொல்றது? மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க." புடவையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். "நீ மட்டும் எதையும் கேக்க மாட்டியாக்கா?"

"நீ சொன்னா கேட்டுக்கிறேன்."

கிளியம்மாள் எழுந்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று தபீதாள் எண்ணிப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவள் மஞ்சள் வைத்த துணி ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கிறது. ஆவணிக்கு அப்புறம் வைத்தது எது, முன்னால் வைத்தது எது என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? எல்லாவற்றையும் கொண்டுவந்து வாசலில் போடுவார்கள். பாத்திரக் கூடையும் மிஷினும் ஒன்றாக நின்றுபோகும். சொல்லாவிட்டால் சரசு கட்டிக்கொள்வாள். தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தபீதாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். இருந்தும் முந்தானையில் இரண்டு முறை ஊசி தவறியது.

மூன்றாம் நாள் புடவைக்கு மஞ்சள் வைக்கிற நாள். காலையில் மழை விட்டது. சுமாரான வெயில். செல்லியம்மாள் வீட்டுக்கு முன்னால் பந்தக்கால் நட்டிருந்தார்கள். தபீதாள் புடவையைத் தாம்பாளத்தில் கொண்டுபோய் வைத்தாள். பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். கங்கையம்மாள் முந்தானையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, தையலைத் தேடினாள். அகப்படவில்லை.

"இன்னா தபீதா, காஞ்சிபுரத்துல போயி நெய்ஞ்சிகினு வந்துட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். சரசு மணையில் உட்கார்ந்து வெட்கப்பட்டாள். உள்ளே பருப்பு வேகும் வாசனை வந்தது. செல்லியம்மாள் மட்டும் உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியே, சுவரோடு சுவராக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயேன் செல்லி, பொண்ணப் பாரு," என்றாள் ஒருத்தி.

"இங்கியே தெரியுது. ஆவட்டும், நேரம் போவுது. கிளி எங்க?"

கிளியம்மாள் பின்னாலிருந்து வந்தாள். தலை குளித்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தாள். குழைத்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்மே, மாவு பெசையறியா?" என்றாள் கங்கையம்மாள்.

"நான் வேணா வைக்கட்டுமா?" என்றாள் தபீதாள். அவளே எதிர்பார்க்கவில்லை. குரல் உயர்ந்துவிட்டது.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மறுபடி சிரிப்பு.

"நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு இன்னா தெரியும் மஞ்சள்? அப்பால சாமியாரு வந்து கேக்கப் போறாரு," என்றாள் ஒருத்தி.

"அது கெடக்கட்டும்," என்றாள் கங்கையம்மாள். "ஆனா செல்லி, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. இவ கையால வெக்கறது எனக்குச் சரியாப் படல. புருசன் எவளயோ இஸ்துகினு கடப்பால குந்திகினு கீறான். அவன் பொண்டாட்டி கூரைக்கு மஞ்சள் வெச்சா, நம்ம பொண்ணுக்கும் அந்த வாழ்வுதான் வரும்."

சிரிப்பு நின்றது. சரசு தாயைப் பார்த்தாள். கிளியம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. அவள் காது மடல் சிவந்திருப்பது தபீதாளுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். ஆமாம், அவன் இன்னொருத்தியோடு இருக்கிறான், நான் வைக்கவில்லை என்று எழுந்துவிட்டால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். கங்கையம்மாளே வழி திறந்துவிட்டாள். எழுந்திரு கிளி என்று தபீதாள் மனசுக்குள் சொன்னாள். எழுந்திரு.

வாசற்படிக்கு வெளியிலிருந்து செல்லியம்மாளின் குரல்தான் வந்தது.

"வாய மூடு கங்கா. எம் பொண்ணு கல்யாணத்துல வந்து பேஜார் பண்ணாத. எவகூட கீறான், எங்க கீறான், அது எனக்கு எதுக்கு? ஆம்பள போவான், வருவான். எங்கூட்டுக்காரரு இன்னோர்த்தி வூட்டுல இருந்திருந்தாக்கூட நான் இப்டி வெளிய நின்னுகினு இருக்க மாட்டேன். அவன் உசுரோட கீறான் இல்ல? எனக்கு அது போதும். நீ வைய்மே கிளி."

கிளியம்மாளின் விரல் கிண்ணத்தில் இருந்தது. அதைத் தூக்கினாள். புடவையின் மூலைக்குக் கொண்டுபோனாள். அங்கேயே நின்றது. பிறகு கையைப் பின்னால் இழுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லக்கா."

"இன்னா இல்ல?"

கிளியம்மாள் நிமிர்ந்து, கங்கையம்மாளைத் தாண்டி, சரசுவைத் தாண்டி, வாசற்படிக்கு வெளியே நின்றவளை மட்டும் பார்த்தாள்.

"ஆவணில எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு மதுராந்தகம் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே. அங்க போவல. கடப்பாவுக்குப் போனேன். கல்லு சரிஞ்சி எங்கூட்டுக்காரரு செத்துட்டாருக்கா."